மந்தம், குறை, தேவை: இலண்டன் விசேட கல்வியின் வரலாறும் எம்மவர் மௌனமும்

1

1981 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய கல்விச் சட்டத்தின் முதலாம் பிரிவில் ஒரு சிறு உட்பிரிவு உண்டு. ஒரு பிள்ளை வீட்டிற் பேசும் மொழி பாடசாலையிற் கற்பிக்கப்படும் மொழியிலிருந்து வேறுபட்டது என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அப்பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு இருப்பதாகக் கொள்ளலாகாது என்பது அதன் பொருள். 2014 ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 20 ஆம் பிரிவிலும் இதே கருத்து இடம்பெற்றிருக்கிறது. எம்மைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டது போன்ற இந்த வாசகத்தை நான் அறிந்துகொள்ள முப்பது வருடங்கள் பிந்தியது. அறிந்தபின் அதைப் பிழையாகவும் பயன்படுத்தினேன். அந்தப் பிழையிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஊரில் வரலாறு படிப்பித்தவன் என்பதால் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எம்மவர்கள் என்னைச் ‘சேர்’ என்றே அழைப்பார்கள். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்கள் இரவு வேலையின் தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து சேரும். 2011 இல் என்னோடு வேலை செய்த ஒருவர் தன் மகனின் பாடசாலையிலிருந்து வந்த கடிதமொன்றைக் கொண்டுவந்தார். மகனுக்கு அப்போது ஐந்து வயது. மிகச் சில சொற்களே பேசுவான். கல்வி உளவியலாளர் ஒருவர் அவனைப் பார்ப்பதற்குப் பெற்றோரின் சம்மதத்தைப் பாடசாலை கேட்டிருந்தது.

“சேர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. கையெழுத்து வைக்கலாமோ?”

“தம்பி, வெளியிலயிருந்து வந்த சனத்தின்ர பிள்ளையளை ஒதுக்கி வைக்கிறது இவையின்ர பழைய வேலை. வீட்டில தமிழ், பள்ளிக்கூடத்தில இங்கிலிஷ். அதாலதான் பிள்ளை பேசப் பிந்துது. வைக்காதையும்.”

மேற்சொன்ன சட்ட வாசகத்தையும் அவருக்கு எடுத்துக் காட்டினேன். அவர் என்னை நம்பினார். கையெழுத்து வைக்கவில்லை. பாடசாலையும் வற்புறுத்தவில்லை. எட்டாவது வயதில் வேறொரு பாடசாலைக்கு மாறியபோதே அவனுக்கு ஓட்டிசம் என்று கண்டறியப்பட்டது. பேச்சுப் பயிற்சிக்கு மிகவும் பயன்பட்டிருக்கக்கூடிய மூன்று வருடங்கள் வீணாகிப் போயின. பின்னர் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவனுடைய தாய், “நீங்கள் படிச்ச ஆள் எண்டுதானே உங்களிட்டைக் கேட்டனாங்கள்” என்றார். குரலிற் கோபம் இருக்கவில்லை.

நான் சொன்னது முழுப் பொய்யல்ல. வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளை ஒதுக்கிய வரலாறு இந்நகரத்துக்கு உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்தது அவ்வரலாற்றின் ஒரு பாதி. மறுபாதியைத் தேடிப் படித்த பின் இதை எழுதுகிறேன்.

2

இலண்டனில் விசேட கல்வி தர்மப் பணியாகவே தொடங்கியது. செவிப்புலனற்ற ஏழைப் பிள்ளைகளுக்கான முதற் பொதுப் பாடசாலை 1792 இல் பேர்மண்ட்சியில் திறக்கப்பட்டது. விழிப்புலனற்றோருக்கான பாடசாலை 1799 இல் சென் ஜோர்ஜஸ் பீல்ட்சில் தோன்றியது. இவை நன்கொடையாளரின் தயவில் நடந்தவை. பிள்ளைக்கு அங்கே உரிமை எதுவும் இருக்கவில்லை.

1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த இலண்டன் பாடசாலைச் சபை நகரத்தின் ஏழைப் பிள்ளைகளை வகுப்பறைகளுக்குள் கொண்டுவந்தது. கட்டாயக் கல்வி வந்ததும் அதுவரை வீடுகளிலும் தெருக்களிலும் பட்டறைகளிலும் இருந்த எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரின் கண்முன் வந்தனர். சபை 1874 இல் பெத்னல் கிறீனில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென ஒரு வகுப்பைத் தொடங்கியது. வில்லியம் ஸ்ரெய்னர் என்ற மதகுரு அதை நடத்தினார்.

ஆனால் காதும் கண்ணும் நன்றாக இருந்தும் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளே ஆசிரியர்களுக்குப் பெரும் சிக்கலாயினர். இதற்கான காரணத்தைப் பிள்ளைகளின் மூளையில் மட்டும் தேடக்கூடாது. 1862 முதல் இங்கிலாந்தில் ‘பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு’ என்ற முறை நடைமுறையில் இருந்தது. பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றிற் பிள்ளைகளைச் சோதிப்பார். சித்தியடைந்த தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே பாடசாலைக்கு அரச மானியம் கிடைக்கும். அத்தகைய வகுப்பறையில் மெதுவாகக் கற்கும் பிள்ளை பாடசாலைக்குப் பணநட்டமாகிவிடுகிறது. 1890களில் அம்முறை தளர்ந்து மறைந்தது. எனினும் அது வளர்த்த பார்வை மறையவில்லை. 1892 இல் இலண்டன் பாடசாலைச் சபை பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனிப் பாடசாலைகளைத் திறக்கத் தொடங்கியது.

சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1893 ஆம் ஆண்டுச் சட்டம் விழிப்புலனற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளின் கல்வியைக் கட்டாயமாக்கியது. 1899 ஆம் ஆண்டுச் சட்டம் ‘குறையுடைய’ பிள்ளைகளுக்கும் வலிப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கும் வகுப்புகள் நடத்த அதிகாரம் அளித்தது. 1913 இல் மனக்குறைச் சட்டம் நிறைவேறியது. குறையுடையோர் பெருகிவிட்டால் இனம் சீரழியும் என்ற யூஜெனிக்ஸ் அச்சம் அக்காலத்தில் ஆங்கிலேய அறிவாளிகளை, இடதுசாரிகள் உட்பட, ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது. அதே 1913 இல் இலண்டன் கவுண்டி கவுன்சில் சிறில் பேர்ட் என்பவரை உளவியலாளராக நியமித்தது. இங்கிலாந்தில் ஒரு கல்வி நிர்வாகம் உளவியலாளரை நியமித்தது அதுவே முதற்தடவை. எந்தப் பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகவேண்டும் என்பதை நுண்மதிச் சோதனை கொண்டு தீர்மானிக்கும் வழக்கம் இந்நகரில் அவரோடு வேரூன்றியது. நுண்மதி பெரும்பாலும் பிறப்பால் வருவது என்று நிறுவ அவர் காட்டிய இரட்டையர் ஆய்வுத் தரவுகள் 1971 இல் அவர் இறந்த பின்னர் கடும் சந்தேகத்துக்குள்ளாகின. அதற்குள் அரை நூற்றாண்டுப் பிள்ளைகள் அந்த அளவுகோலால் அளக்கப்பட்டுவிட்டனர்.

3

1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அனைவருக்கும் இலவச இடைநிலைக் கல்வியைக் கொண்டுவந்தது. எமது இலவசக் கல்வி 1945 இல் வந்தது என்பதை நினைவிற் கொண்டால் இரு நாடுகளும் ஒரே மூச்சில் இந்த வாசலைத் திறந்ததாகத் தோன்றும். ஆனால் பிரித்தானியாவில் வாசலின் அருகே ஒரு பட்டியலும் தொங்கியது. 1945 இன் ஒழுங்குவிதிகள் குறையுள்ள மாணவரைப் பதினொரு வகைகளாகப் பிரித்தன. அவற்றுள் மிகப் பெரியதாக வளர்ந்தது ‘கல்வியில் இயல்புநிலைக்குக் குறைந்தோர்’ என்ற வகை. ஆங்கில எழுத்துக்களின் சுருக்கமாக ஈ.எஸ்.என். என்று அழைக்கப்பட்டது. பதினொரு வகைக்கும் கீழே, பட்டியலிற்கூட இடமில்லாத இன்னொரு கூட்டம் இருந்தது. ‘கற்பிக்க முடியாதோர்’ என்று தீர்மானிக்கப்பட்ட பிள்ளைகள் கல்வித் திணைக்களத்தின் பொறுப்பிலிருந்தே நீக்கப்பட்டுச் சுகாதார நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்கள் போன இடங்கள் பயிற்சி நிலையங்களும் வைத்தியசாலைகளும். பலர் வீட்டிலேயே இருந்தனர்.

இந்தக் கதவை உடைத்ததில் பெற்றோரின் பங்கு பெரிது. 1946 இல் ஜூடி பிறைட் என்ற தாய் சஞ்சிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து பெற்றோர் சங்கமொன்று உருவாயிற்று. இன்று மென்கப் என்று அறியப்படும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததே. 1962 இல் இலண்டனில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஒரு சங்கத்தை அமைத்தனர். மனநல மருத்துவரும் அத்தகைய பிள்ளையொன்றின் தாயுமான லோர்ணா விங் அவர்களுள் ஒருவர். அச்சங்கத்தின் பாடசாலை 1965 இல் ஈலிங்கில் சிபில் எல்கர் என்ற ஆசிரியையின் தலைமையில் திறக்கப்பட்டது. கற்பிக்க முடியாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் அங்கே கற்றார்கள். ‘கற்பிக்க முடியாதோர்’ என்ற வகை 1970 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, 1971 ஏப்ரல் முதல் எல்லாப் பிள்ளைகளும் கல்விக்குரியவர்களாயினர்.

இந்தத் தாய்மார் தமது பிள்ளைக்குக் குறையில்லை என்று வாதிடவில்லை. பிள்ளையின் நிலையைப் பகிரங்கமாகக் கூறி, ஆகவே எங்கள் பிள்ளைக்கு இது வேண்டும் என்று கேட்டார்கள். வெட்கத்தை விட்டதே அவர்களது முதல் அரசியற் செயல்.

4

அதே 1971 இல் இதற்கு நேரெதிரான ஒரு போராட்டமும் இலண்டனில் நடந்தது. மேற்கிந்தியப் பெற்றோர் தமது பிள்ளைகளுக்குக் குறையில்லை என்று சொல்லிப் போராடினார்கள்.

இன்று ஹைகேற் முருகன் கோயில் இருக்கும் ஹறிங்கேயில் 1969 இல் கவுன்சில் ஒரு திட்டத்தை முன்வைத்தது. மாணவரைத் திறமையின்படி தரம்பிரித்துப் பாடசாலைகளுக்குப் பகிர்வது அத்திட்டம். மேற்கிந்தியப் பிள்ளைகளின் நுண்மதி குறைவானது என்று கூறிய உள்ளக அறிக்கையொன்று வெளியே கசிந்தது. பெற்றோர் கொதித்தெழுந்தனர். திட்டம் கைவிடப்பட்டது. இதன்போது வேறொரு விடயமும் வெளிச்சத்துக்கு வந்தது: ஈ.எஸ்.என். பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகள் அளவுக்கு மீறிக் காணப்பட்டனர்.

கிரெனடாவிலிருந்து வந்து கிழக்கு இலண்டனின் ஈ.எஸ்.என். பாடசாலைகளிற் கற்பித்த பேர்னாட் கோர்ட் இதைப்பற்றி எழுதிய சிறுநூலை 1971 இல் ஜோன் லா றோஸின் நியூ பீக்கன் பதிப்பகம் வெளியிட்டது. மேற்கிந்தியப் பிள்ளை பிரித்தானியப் பாடசாலையில் எவ்வாறு இயல்புநிலைக்குக் குறைந்ததாக ஆக்கப்படுகிறது என்பதே அதன் தலைப்பின் பொருள். ‘ஆக்கப்படுகிறது’ என்ற வினைச்சொல்லில் அந்நூலின் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அவர் எடுத்துக்காட்டியது உள் இலண்டன் கல்வி அதிகாரசபையின் சொந்தக் கணக்கையே. 1967 இல் சாதாரண பாடசாலைகளில் குடியேறியோரின் பிள்ளைகள் 15 வீதம், ஈ.எஸ்.என். பாடசாலைகளில் 28.4 வீதம். அந்த 28.4 இல் நான்கில் மூன்று பங்கினர் மேற்கிந்தியர். சோதனைகள் பண்பாட்டாலும் வர்க்கத்தாலும் சாய்ந்தவை. புலப்பெயர்வால் மனங்குழம்பிய பிள்ளையின் தற்காலிக நிலையை நிரந்தரக் குறையாகப் பதிபவை. இவற்றோடு ஆசிரியரின் தாழ்ந்த எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது என்று அவர் வாதிட்டார். வீட்டிற் கிரியோல் பேசும் பிள்ளையின் ஆங்கிலத்தை மூளைக் குறையாக வாசித்தார்கள் என்பதும் அவர் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

மேற்கிந்தியர் எழுத்தோடு நிற்கவில்லை. லா றோஸ் 1969 இல் பின்ஸ்பரி பார்க்கில் தனது வீட்டிலேயே ஜோர்ஜ் பட்மோர் துணைப் பாடசாலையைத் தொடங்கினார். அத்தகைய சனிக்கிழமைப் பாடசாலைகள் பல இலண்டனில் எழுந்தன. பாடசாலை கைவிட்ட பிள்ளைக்கு வாசிக்கக் கற்பிப்பதே அவற்றின் முதல் வேலை.

கோர்ட்டின் பிற்காலத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர் நாடு திரும்பிப் புரட்சி அரசாங்கத்தில் துணைப் பிரதமரானார். 1983 ஒக்டோபரில் கட்சிக்குள் மூண்ட மோதலில் பிரதமர் மொறிஸ் பிஷப் தோழர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் கோர்ட் மரணதண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுட்தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 2009 இல் விடுதலையானார். எமது இயக்கங்களின் வரலாற்றை அறிந்த வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மனிதர் பின்னாளில் என்ன ஆனார் என்பதைக் கொண்டு நூலைத் தள்ளிவிடவும் முடியாது. நூலைக் கொண்டு மனிதரை விடுவிக்கவும் முடியாது.

5

1973 இல் அறிவிக்கப்பட்ட மேரி வோர்ணொக் குழு 1978 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பாடசாலைக் காலத்தின் ஏதோவொரு கட்டத்தில் விசேட உதவி தேவைப்படும் என்றது அது. பழைய வகைகளை நீக்கிவிட்டு ‘விசேட கல்வித் தேவை’ என்ற கருத்தை முன்வைத்தது. குறை பிள்ளைக்குள் இருக்கும் ஒரு பொருள் என்ற பார்வையிலிருந்து, பிள்ளைக்கு எதைக் கொடுக்கவேண்டும் என்ற கேள்விக்கு நகர்ந்தது. இதனடிப்படையில் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பெற்றோருக்குக் கலந்தாலோசிக்கப்படும் உரிமை கிடைத்தது. பிள்ளைக்குத் தேவையானதை எழுத்தில் உறுதிசெய்யும் ‘ஸ்ரேற்மன்ற்’ என்ற ஆவணம் உருவாயிற்று. ஈ.எஸ்.என். என்ற பெயர் சட்டத்திலிருந்து மறைந்தது.

நான் தொடக்கத்திற் சொன்ன உட்பிரிவும் இச்சட்டத்தில்தான் இருக்கிறது. இரு போராட்டங்களின் பயனும் ஒரே தாளில் வந்து சந்தித்ததாகவே நான் இதை வாசிக்கிறேன். எங்கள் பிள்ளைக்குத் தேவை உண்டு என்ற பெற்றோரின் கோரிக்கை சட்டத்தின் உடலாயிற்று. எங்கள் மொழியைக் குறையென்று எழுதாதே என்ற கோரிக்கை அதன் எல்லையாயிற்று. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுபவர் சட்டத்தையே விட்டுவிடுகிறார். 2011 இல் நான் செய்தது அதைத்தான்.

இச்சட்டம் 1983 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதங்களின் பின் கறுப்பு யூலை. அதன்பின் இந்நகருக்கு வந்திறங்கிய எம்மவரின் பிள்ளைகள் தமக்கு முன் வந்தவர்கள் வென்றெடுத்த உரிமைக்குள் வந்திறங்கினார்கள். எமக்கு அது தெரிந்திருக்கவில்லை.

எம்மவரின் கடைகள் நிறைந்த ஈஸ்ற்ஹாமும், சேர்ச் றோட் முருகன் கோயில் இருக்கும் மனோர் பார்க்கும் நியூஹாம் நகரசபைக்கு உட்பட்டவை. 1980களின் நடுப்பகுதியில் அங்கே விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர், தமது பிள்ளைகள் அயற்பிள்ளைகளோடு சாதாரண பாடசாலையிற் படிக்கவேண்டும் என்று இயங்கத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான லிண்டா ஜோர்டன் கவுன்சிலராகவும் தெரிவானார். தனிப் பாடசாலைகளைப் படிப்படியாக மூடி, அவற்றின் வளங்களைச் சாதாரண பாடசாலைகளுக்கு மாற்றும் கொள்கையை நகரசபை ஏற்றது. 1984 இல் எட்டாக இருந்த விசேட பாடசாலைகள் 1998 இல் ஒன்றாகக் குறைந்தன. அவற்றிற் படித்த பிள்ளைகளின் தொகை 913 இலிருந்து 206 ஆகக் குறைந்தது. இலண்டனின் மிக வறிய பகுதிகளில் ஒன்று இதைச் செய்தது. அந்த வருடங்களில்தான் நாம் அத்தெருக்களில் கடை போட்டோம், கோயில் கட்டினோம், இயக்கங்களுக்குக் காசு சேர்த்தோம், ஒருவரையொருவர் துரோகி என்றோம். அயலில் நடந்த இந்த மாற்றம்பற்றி எமது சிற்றிதழ்களில் ஒரு கட்டுரையை நான் காணவில்லை.

இவ்வரலாறு வெற்றிக் கதையாக முடியவில்லை என்பதையும் கூறவேண்டும். 2005 இல் வோர்ணொக் அம்மையாரே தான் உருவாக்க உதவிய முறையை மீளாய்வு செய்யவேண்டுமென எழுதினார். எல்லாப் பிள்ளைகளையும் சாதாரண வகுப்பறையில் இருத்துவது சில பிள்ளைகளுக்குத் துன்பமாகிறது என்பது அவர் வாதங்களில் ஒன்று. இயலாமையுடையோரின் உரிமைக்காகப் போராடுபவர்கள் பலர் அதை மறுத்தனர். 2014 ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்ரேற்மன்ற்றுக்குப் பதிலாக 25 வயதுவரை நீளக்கூடிய கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 576,000 பேர் அத்திட்டத்தைப் பெற்றிருந்தனர். உரிமை தாளில் வளர, கவுன்சில்களின் பணம் போதாமற்போயிற்று. எனவே கொடுக்கவேண்டியதைத் தாமதிப்பதும் மறுப்பதும் வழக்கமாயின. நியாயசபைக்குப் போய் விசாரணைவரை நின்ற பெற்றோரில் மிகப் பெரும்பாலானோர் வென்றிருக்கின்றனர். ஆனால் அங்குவரை போக ஆங்கிலமும் நேரமும் மனத்துணிவும் வேண்டும். இரவு வேலை செய்யும் அகதித் தகப்பனிடம் இம்மூன்றும் குறைவு.

6

எமது ஊர்ப் பின்புலத்தையும் பார்க்கவேண்டும். இலங்கையில் விசேட கல்வி 1912 இல் தொடங்கியது. சேனானா மிஷனைச் சேர்ந்த மேரி சப்மன் என்ற ஆங்கிலேயப் பெண் கொழும்புக்குத் தெற்கே தொடங்கிய பாடசாலை பின்னர் இரத்மலானை செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலையாக அறியப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலை 1956 இல் உருவானது. பாளையங்கோட்டையில் விழிப்புலனற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்கும் 1890களிலேயே பாடசாலைகள் நடந்தன. அவற்றைத் தொடங்கியவர்களும் மிஷன் பெண்களே. யாழ்ப்பாணத்தில் சைவப் பாடசாலைகளை ஊர் ஊராகக் கட்டிய எமது கல்வி இயக்கம் இந்தப் பிள்ளைகளை மிஷனுக்கு விட்டுவிட்டது. சுன்னாகத்தின் வாழ்வகமும் கோண்டாவிலின் சிவபூமிப் பாடசாலையும் எம்மவர் கைகளால் எழுந்தது மிகப் பிந்திய காலத்தில். இலங்கைப் பாராளுமன்றம் வலுவிழந்தோரின் உரிமைக்கான சட்டத்தை நிறைவேற்றியது 1996 இல்.

எமது கல்விப் பெருமையின் உள்ளே இருப்பது பரீட்சை. எட்டுப் பாடத்துக்கும் ‘டி’ எடுத்த பிள்ளையின் படம் பத்திரிகையில் வரும். பரீட்சையில் ஏறமுடியாத பிள்ளைக்கு ஊர் வைத்திருந்த சொற்கள் ‘மந்தம்’, ‘மொக்கு’ என்பன. 1862 இன் பெறுபேற்றுக் கொடுப்பனவு முறையைப் பார்த்து நாம் சிரிக்கத் தேவையில்லை. மானியம் பாடசாலைக்குப் போகாமல் குடும்பத்தின் மரியாதைக்குப் போனது என்பதே வித்தியாசம்.

அந்தச் சொற்களையும் நாம் பெட்டியில் வைத்து இலண்டனுக்குக் கொண்டுவந்தோம். பிள்ளை நான்கு வயதிலும் பேசவில்லை என்றால், “தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்” என்கிறோம். கண்ணூறு கழிக்கிறோம். அருச்சனை செய்கிறோம். ஓட்டிசம் என்று மருத்துவர் சொன்னாலும், அக்காவின் கலியாணம் முடியுமட்டும் வெளியே சொல்லவேண்டாம் என்று அம்மம்மா தடுக்கிறார். பிறந்தநாள் விழாவுக்கு அந்தப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களை நானறிவேன். இவர்கள் கொடியவர்களல்லர். பயந்தவர்கள். பயத்துக்குப் படித்தவர்களாகிய நாம் ஒரு கோட்பாட்டையும் கொடுத்துவிடுகிறோம். ‘வெள்ளையன் எங்களை ஒதுக்குகிறான்’ என்ற என் விளக்கம் அந்தத் தகப்பனின் காதில் விழுந்தது வேறொரு பொருளில்: உன் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நீ வெட்கப்படத் தேவையில்லை. அவர் கேட்க விரும்பியதையே நான் இனவெறி எதிர்ப்பு என்ற பெயரிற் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு மறுதலையான சம்பவமும் உண்டு. 2010 இல் வன்னியிலிருந்து முகாம் வழியாக வந்த ஒன்பது வயதுச் சிறுமி வகுப்பில் வாய்திறக்கவில்லை. பாடசாலை அவளைக் கற்றல் இடர்பாடுள்ளவளாகப் பதிந்து சிறு குழுவொன்றில் இருத்தியது. அரசாங்கத் தாளென்றால் மறுபேச்சின்றிக் கையெழுத்து வைக்கும் பழக்கம் முகாமில் வந்திருந்தது அவள் தகப்பனுக்கு. ஏறத்தாழ இரண்டு வருடங்களின் பின் ஒரு கூட்டத்துக்கு மொழிபெயர்க்கப் போனேன். அங்கே அவளிடம் தமிழில் எழுதிய கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றையும் செய்தாள். அவளுக்குத் தேவைப்பட்டவை ஆங்கிலமும், பயம் தெளிய ஒரு துணையும். சட்டத்தின் அந்த வாசகம் காத்திருந்தது அவளுக்காக. நானோ அதைக் கொண்டுபோய் வேறொரு வீட்டிற் கொடுத்திருந்தேன்.

இரண்டு வீட்டுக்கும் பொருந்தும் கேள்வி எளிமையானது. பிள்ளை தமிழில் எப்படி? தன் வயதுப் பிள்ளைகளைப் போலத் தமிழில் விளங்கிக்கொள்கிறதா, கேட்கிறதா, சண்டை பிடிக்கிறதா, மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறதா? தமிழில் எல்லாம் சரியாக இருந்து ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால் அது மொழி கற்கும் கட்டம். அப்போது அந்த வாசகத்தைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். இரு மொழியிலும் தடுமாறினால் வாசகம் பொருந்தாது. தாமதியாமல் மதிப்பீட்டைக் கேட்கவேண்டும், அதைத் தமிழறிந்த ஒருவரின் துணையோடு செய்யும்படியும் கேட்கவேண்டும். இரண்டு மொழி பேசுவதால் ஓட்டிசம் வருவதில்லை. வீட்டிற் தமிழை நிறுத்துவதால் அது போவதுமில்லை. மதிப்பீட்டைப் பாடசாலைதான் தொடங்கவேண்டும் என்றில்லை; பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். ஆறு வாரத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் நியாயசபைக்குக் கட்டணமின்றி மேன்முறையீடு செய்யலாம், சட்டத்தரணி கட்டாயமில்லை. இவை 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழிகள். அச்சட்டத்தைத் திருத்தவேண்டும் என்ற குரல்கள் வலுத்துள்ள காலத்தில் இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது இன்னும் அவசியம்.

இவ்விதழின் வாசகரிடம் இரண்டு விடயங்களைக் கேட்க விரும்புகிறேன். இந்நகரின் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளை நடத்துவோரில் பலர் எமது நண்பர்கள். மேற்கிந்தியரின் சனிக்கிழமைப் பாடசாலை, கைவிடப்பட்ட பிள்ளைக்காகத் தோன்றியது. எமது பாடசாலைகளில் எத்தனை, பேசாத ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும்? பரிசளிப்பு விழாவில் அப்பிள்ளை எங்கே இருக்கும்? மற்றது எழுதுபவர்களுக்கு. சாதியைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் நாம் எழுதத் தொடங்கியபோது, இது போராட்டத்தைப் பிளக்கும் என்றார்கள். எழுதினோம். இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டாமென்று எம்மை யாரும் தடுக்கவில்லை. நாமாகவே எழுதாமல் விட்டோம்.

அந்தப் பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஒரு கல்லூரியில் சமையல் படிக்கிறான். தகப்பன் இப்போதும் கடிதங்களைக் கொண்டுவருகிறார். நான் வாசித்துப் பொருள் சொல்கிறேன். கையெழுத்து வைக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. இத்தேவைகளுக்கென இயங்கும் பெற்றோர் ஆலோசனைச் சேவையின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்து, அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன். நான் எழுதியதில் மறுப்புள்ளவர்கள் எழுதவேண்டும். குறிப்பாக, இந்தப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் எழுதவேண்டும்.